மதுரை வெயிலில் மென்பவளத் தொட்டி: மூன்று கோடைக்குப் பிறகு

வீட்டில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியின் கணக்கை முதலில் சொல்லிவிடலாம். நீளம் மூன்றடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, 10 மி.மீ. கண்ணாடி, கொள்ளளவு 190 லிட்டர் சொச்சம். ஸ்டாண்டுக்குள் இரண்டடி சம்ப், அதாவது தண்ணீர் வடிந்து திரும்ப ஏறும் கீழ்த்தொட்டி. பாறையும் மணலும் அடைக்கும் இடம் போக, சுற்றில் ஓடும் தண்ணீர் 220 லிட்டர். கல் எலும்பு இல்லாத மென்பவளங்கள்தான் பிரதானம், மீன்கள் ஐந்து. மூன்று கோடை தாண்டியாகிவிட்டது. இந்த ஊரில் எந்தச் செலவு உழைத்தது, எது அலமாரியில் தூங்குகிறது என்பதைப் பார்ப்போம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது எல்இடி விளக்கின் பிராண்டை. மதுரையில் முதல் காசு தண்ணீருக்கும் அடுத்த காசு குளிர்ச்சிக்கும் போக வேண்டும். விளக்குக்கு மிச்சம் இருப்பது போதும். மென்பவளம் அவ்வளவு வெளிச்சம் கேட்பதில்லை.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின், போர் தண்ணீரில் உப்பு. கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 1000-க்கு மேல் காட்டும் தெருக்கள் இங்கே உண்டு. நல்ல ஆர்.ஓ. மெம்பரேன் 97 சதவீதம் தடுத்தாலும் 30 மிச்சம் நிற்கும். அந்த 30-க்குள் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் ஒளிந்திருக்கும். மணல் மேல் பழுப்பாகப் படியும் பாசிக்கு சிலிக்கேட்தான் சாப்பாடு. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் அந்த மிச்சத்தையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் ஒரு குழாய் போட்டு, மீட்டரில் 0 வந்தால்தான் அது தொட்டித் தண்ணீர். சமையலறை ஆர்.ஓ.வை அப்படியே பயன்படுத்த நினைப்பவர்கள் கவனிக்க: அதில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் அல்லது மினரல் கேட்ரிட்ஜ் இருக்கும். சுவைக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பக் கலக்கும் வேலை அதனுடையது. மெம்பரேனில் இருந்து நேராக வரும் குழாயில் தனியாக ஒரு கிளைக்குழாய் எடுத்து ரெசினுக்கு விட வேண்டும். இருபது லிட்டர் கேன் தண்ணீரும் ரெசின் வழியாகத்தான் போக வேண்டும். நிறம் மாறும் ரெசின் வாங்குங்கள். மீட்டர் 1 காட்டும்போதே மாற்றிவிடுங்கள். ரெசின் களைக்கத் தொடங்கியதும் முதலில் நழுவுவது சிலிக்காதான்.

உப்பு கலக்க 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், ஒரு சிறு பம்ப். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம், பிராண்டைப் பொறுத்து. இலக்கு 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு. 25 டிகிரியில் அடர்த்தி எண் 1.026. தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். உவர்ப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி அளவுத் திரவத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் 0 காட்டுகிறதே என்று நம்பினால் மேலே இரண்டு பிபிடி தப்பலாம். வீட்டில் இருக்கிற பித்தளை அண்டா, செம்புக் குடம், பித்தளைக் குழாய் எதுவும் இந்தத் தண்ணீர் பக்கம் வரக்கூடாது. தாமிரம் மீனுக்கு மருந்து, பவளத்துக்கும் இறாலுக்கும் எமன். தூத்துக்குடி கல்லுப்பைக் கரைத்தால் ஆகாதா என்ற கேள்வி வருடா வருடம் வரும். ஆகாது. உப்பளத்தில் முதலில் கால்சியம் ஜிப்சமாகப் படிந்துவிடும், பிறகுதான் சோடியம் குளோரைடு. மக்னீசியம் பிட்டர்ன் என்ற கசப்பு நீரோடு வடிந்து போய்விடுகிறது.

இனி வெயில். மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் ஃபேன் வைத்த தொட்டியும் குளிர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 220 லிட்டர் தொட்டியில் அது இரண்டரை டிகிரிக்குச் சமம். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு லாபம். சென்னைத் தொட்டிக்காரர்கள் ஃபேனைக் குறை சொல்வது அவர்கள் ஊர்க் கடல்காற்றுக்குச் சரி. இங்கே சித்திரை, வைகாசியில் வெளியே 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஆவியாதலால் தண்ணீர் குளிரக்கூடிய எல்லை, 25 பக்கம்தான். அறை 35 டிகிரியாக இருக்கும்போது, 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வைத்தால் தொட்டி 28-ல் நிற்கிறது. ஃபேன் இல்லாவிட்டால் 31-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் மென்பவளங்களில் லெதர் கோரல் சுருங்கும், ஜீனியா கரையும், ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஃபேன் தோற்கும் நாட்கள் இரண்டு வகை. கோடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் புழுக்கம் ஒன்று. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இன்னொன்று. பகல் முழுக்க காங்கிரீட் குடித்த சூட்டை இரவு பன்னிரண்டு வரை கக்கும். தொட்டியைக் கீழ்த்தளத்தில், மேற்குச் சுவரைத் தவிர்த்து வையுங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினான சில்லரும் இருக்கட்டும், 1/10 ஹெச்.பி. போதும், ஆனால் இரண்டாவது ஆளாக. டெம்பரேச்சர் கன்ட்ரோலரில் ஃபேன் 27-ல் தொடங்கும்படியும், சில்லர் 28.5-ல் தொடங்கும்படியும் வைத்தால் சில்லர் வருடத்தில் பெரும்பாலும் தூங்கும். இல்லாமல் சில்லரை மட்டும் நம்பினால், 230 வாட், நாளைக்குப் பத்து மணி நேரம், இரு மாத பில்லில் 140 யூனிட் ஏறும்; 500 யூனிட் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு அது உறைக்கும். சில்லரை ஸ்டாண்டுக்குள் அடைப்பது வீண் வேலை, தான் கக்கிய சூட்டைத் தானே குடிக்கும். கண்டன்ஸர் வலையில் தூசி மாதம் ஒருமுறை பிரஷ்.

ஃபேனுக்குக் கொடுக்கும் விலை தண்ணீர். சாதாரண நாளில் ஒன்றரை லிட்டர் ஆவியாகும் தொட்டி, மே மாதத்தில் ஐந்து லிட்டர் குடிக்கும். ஐந்து லிட்டர் போனால் உவர்ப்பு 35-லிருந்து 35.8-க்கு ஏறும், இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் 36.7. போனது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. அதனால் ஊற்றுவது உப்பில்லாத ஆர்.ஓ.-டி.ஐ. தண்ணீராக இருக்க வேண்டும். ஆவியான அளவைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் இங்கே ஆடம்பரச் சாமான் இல்லை, அடுப்புக்கு லைட்டர் மாதிரி. சென்ஸர் இரண்டு உள்ளதாக வாங்குங்கள். நத்தை ஒன்று ஏறி உட்கார்ந்தால் ஒற்றை சென்ஸர் ஏமாந்து, இருக்கிற தண்ணீர் அத்தனையையும் உள்ளே தள்ளிவிடும். அதற்காகவே டாப்-ஆஃப் கேனை 20 லிட்டருக்கு மேல் வைக்க வேண்டாம்.

இதோடு ஒட்டிய தவறு ஒன்று: டாப்-ஆஃப் கேனில் சுண்ணாம்பைக் கரைத்து வைப்பது. கால்சியம் ஹைட்ராக்சைடு, நம் வெற்றிலைச் சுண்ணாம்பேதான் அது. கல் பவளத் தொட்டிக்காரர்களின் பழைய பழக்கம். குளிர்ந்த ஊரில் நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாகும் இடத்தில் சரிப்படும். மதுரை மே மாதத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் ஐந்து லிட்டர் உள்ளே போனால் ஒரே நாளில் காரத்தன்மை 2.5 டி.கே.எச். ஏறும், பி.எச். எகிறும். மென்பவளத்துக்கு உடம்பில் கல் எலும்பு கிடையாது, ஊசித் துணுக்குகள்தான். வாரம் 20 லிட்டர் புது உப்புத் தண்ணீர் மாற்றினாலே கால்சியம் 400 முதல் 440, மக்னீசியம் 1,300, டி.கே.எச். 8 முதல் 9 என்று தானே நிற்கிறது. இவற்றை அளந்து சொட்ட வாங்கி வைத்த டோசிங் பம்ப்தான் முதலில் சொன்ன அந்த அலமாரிச் சாமான்.

மின்வெட்டு: மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கப் போகும் நாள் முன்கூட்டியே தெரியும். 150 ஆம்பியர் ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் சம்பிலிருந்து தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் 30 வாட், நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் 15 வாட், ஃபேன்கள் 6 வாட் போடலாம். வீட்டு மின்விசிறியோடு சேர்த்தும் அன்றைய பகல் தாங்கும். சில்லரை அதில் செருகக் கூடாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் உறுமிச் சூடாகும்; சைன் வேவ் இருக்கட்டும், அல்லது டிசி பம்ப். கத்திரி வெயிலில் கரண்ட் போகும் நாளுக்காக ஆர்.ஓ. தண்ணீரை இரண்டு பாட்டிலில் உறைய வைத்து, மூடியைத் திறக்காமல் சம்பில் மிதக்க விடுங்கள். பம்ப் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். அதை நிறுத்த ரிட்டர்ன் குழாயில் போட்ட சைஃபன் ஓட்டையைப் பாசி அடைத்திருந்தால் சம்ப் வழிந்து ஹால் நனையும். மாதம் ஒரு தரம் ஊசியால் குத்தி, பம்பை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

பாறை விஷயத்தில் சட்டம் தெளிவு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கல் பவளங்கள், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை எல்லாம் சேர்ந்தன. ராமேஸ்வரம், மண்டபம் கரையில் கிடக்கிறதே என்று செத்த பவளக்கல்லைப் பொறுக்கி வந்தாலும் வழக்குதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. செராமிக் அல்லது சிமென்ட் பாறை 15 கிலோ போதும். சிமென்ட் என்றால் பி.எச். இறங்கும் வரை வாரக்கணக்கில் ஊற வைக்க வேண்டும். பிறகு கழிவை உடைக்கும் பாக்டீரியா வளர அமோனியா 2 பிபிஎம் விட்டு, அதுவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் 0 ஆகும் வரை காத்திருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

பவளங்களுக்கு வருவோம். முதல் மார்க் லெதர் வகைக்கு: காளான் குடை மாதிரி சார்கோஃபைட்டன், விரல் விரலாக சினுலேரியா. வாரக்கணக்கில் மூடிக்கொண்டு மெழுகு பூசினாற்போல் மங்கினால் பதற வேண்டாம், தோலுரிக்கிறது. வேவ்மேக்கரை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் தோல் பறந்துவிடும். திருப்பாமல் விட்டால் தோலுக்கடியில் பாசி பிடித்து அழுகும். லெதர் வகைகள் பக்கத்துப் பவளத்தை அடக்க டெர்பீன் வகை நச்சைத் தண்ணீரில் கசிய விடும். ஆக்டிவேட்டட் கார்பன் 100 கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிது. கார்பன் மாற்றத் தவறிய மாதங்களில் மஷ்ரூம் பவளங்கள் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கிரீன் ஸ்டார் பாலிப் பச்சைப் புல்வெளி போல் அழகு, ஆனால் அருகம்புல் குணம். தனிக் கல்லில், மணல் சூழ வைக்காவிட்டால் பாறை முழுக்கப் பாய் விரிக்கும். கென்யா ட்ரீ கிளையை உதிர்த்து உதிர்த்துப் பெருகும். ஜீனியா ஒரு வீட்டில் களை, அடுத்த வீட்டில் பிழைக்காது. இரண்டையும் பார்த்தாயிற்று, காரணம் பெரும்பாலும் சூடும் பட்டினியும். பட்டினி என்றால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் 0-க்குத் துரத்துவது. நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று விட்டுவைத்தால் மென்பவளம் கொழுக்கும். 0-க்குக் கொண்டுபோனால் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி வந்து உட்காரும். அதை விரட்டுவது நைட்ரேட்டைக் குறைப்பதைவிடப் பத்து மடங்கு வேலை.

பவளத்தின் உறவான ஸோவாந்திட் வைத்திருப்பவர்கள் கையுறை, கண்ணாடி இல்லாமல் அதை வெட்டக் கூடாது. சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கும் நீரில் போட்டால் ஆவி மூச்சில் ஏறி வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

மீன் ஐந்து என்று நிறுத்தியதற்குக் காரணம் ஆக்சிஜன். சூடான உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் குறைவாகவே அதைப் பிடித்து வைக்கும். க்ளவுன் ஜோடி, ஃபயர் ஃபிஷ், ஒரு கோபி, ஒரு பாங்காய் கார்டினல். க்ளவுன் பண்ணைக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்திலேயே மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை ஆய்வு நிலையங்கள் உருவாக்கியிருக்கின்றன. இரண்டு சிறுசாக வாங்கினால் பெரிதாக வளர்வது பெண்ணாகும். அனிமோன் தேவையில்லை, லெதர் குடைக்குள்ளேயே புரண்டு படுக்கும். டாம்சல் மலிவு என்று வாங்காதீர்கள். ரவுடி, பிறகு பிடிக்கப் பாறை முழுவதையும் பிரிக்க வேண்டும். பட்டாம்பூச்சி மீன் பாலிப்பைக் கொத்தும். பவுடர் புளூ டாங் மீனுக்கு மூன்றடி போதாது, வெள்ளைப் புள்ளி நோயும் அதோடு உள்ளே வரும். எந்த மீனும் நான்கு வாரம் தனித் தொட்டி. தாமிர மருந்து அங்கேதான்.

சென்னையிலிருந்து இரவுப் பஸ்ஸில் பார்சல் ஏறி மாட்டுத்தாவணியில் விடிகாலை இறங்கும் பையை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது மீனைக் கொல்லும். பன்னிரண்டு மணி நேரப் பையில் அமோனியா சேர்ந்திருக்கும், கரியமில வாயுவால் பி.எச். இறங்கி அது அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறும், அமோனியா விஷமாகும். வெப்பம் சமமாக இருபது நிமிடம் மூடிய பையை மிதக்க விட்டு, முன்பே பையின் உவர்ப்புக்குச் சரி செய்த தனித் தொட்டியில் உடனே மாற்றிவிடுங்கள்.

தொட்டி உள்ள அறையில் கொசுவத்திச் சுருள், லிக்விட் மெஷின், ஸ்பிரே எதுவும் கிடையாது. பைரெத்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில்தான் கலக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் புகை மருந்து அடிக்கும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஸ்கிம்மரை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்.

மூன்றாவது வருடம் லெதர் குடை ஒன்றரை அடி விரிந்து கீழே உள்ளவற்றின் வெளிச்சத்தை மறைக்கும். வெட்டுவதற்குத் தை மாதம் தோது, தண்ணீர் தானாகவே 26-ல் இருக்கும். புது பிளேடால் குடையைத் தண்டோடு சேராமல் அறுத்து எடுங்கள். தண்டு மறுபடி தலை விடும். அறுத்த துண்டில் சூப்பர் க்ளூ ஒட்டாது, வழுக்கும். கல்லில் வைத்து மேலே பழைய கொசுவலைத் துண்டைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் இரண்டு வாரம் விடுங்கள். வெட்டிய அன்றே புது கார்பன்.