மார்பக அறுவைக்குப் பிறகான தம்பதி ஆலோசனை: போய் வந்த அனுபவம்

புற்றுநோயால் மார்பை எடுத்து ஒன்றரை வருடம் ஆகியும் கண்ணாடி முன் உடை மாற்ற முடியாமல், கணவர் தொட்டாலே விலகிப் படுத்த என்னிடம், இந்த ஆலோசகர் முதல் நாளே தாம்பத்தியம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சிகிச்சை பெற்ற இடத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். புற்றுநோய்க்காகச் சாப்பிடும் லெட்ரோசோல் மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைப்பதால்தான் பிறப்புறுப்பு வறண்டு வலிக்கிறது, உங்கள் மேல் தப்பில்லை என்றதுமே பாதி பாரம் இறங்கியது. பிறப்புறுப்புக்கென்றே உள்ள, ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசரை வாரத்துக்கு 2, 3 முறையும், உறவின்போது தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட்டும் பயன்படுத்தச் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் க்ரீமை மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாதாம். அப்புறம் என் கணவரையும் உட்கார வைத்துப் பேசினார். தழும்பில் கை பட்டால் எனக்கு வலிக்குமோ என்று பயந்துதான் அவர் ஒதுங்கியிருந்தாராம், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆலோசனை அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை, அதை மட்டும் மாற்றுங்கள்.