போலரைசர் ஃபில்டர்: மெரினாவிலும் தென்காசியிலும் சில வருடங்கள்

கேமரா வாங்கிவிட்டேன், காட்சிகள் எடுக்க அடுத்து என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் லென்ஸ் பெயரே சொல்வதில்லை. ஒரு சிபிஎல், அதாவது போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள் என்பேன்; லென்ஸின் முன்னால் திருகி மாட்டி, வளையத்தோடு சுழற்றக்கூடிய கண்ணாடி அது. சில வருடங்களாக என் லென்ஸின் முன்னால் அதிகம் இருந்த பொருள் அதுதான். சென்னையில் வீடு, தென்காசிப் பக்கம் சொந்த ஊர் என்பதால் நகரம், கிராமம் இரண்டிலும் பழகியிருக்கிறேன்.

நிறத்தைக் கூட்டுவது, இருட்டை வெளிச்சமாக்குவது எல்லாம் படம் எடுத்த பிறகு மென்பொருளில் செய்துகொள்ளலாம். தண்ணீரின் மேல் அடிக்கும் பளபளப்பை விலக்கி அடியில் கிடக்கும் கல்லைக் காட்டுவது அப்படி இல்லை. அந்தக் கல் படத்தில் பதிவாகவே இல்லாதபோது எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது. எடுக்கும் நேரத்திலேயே வளையத்தைத் திருப்பினால்தான் உண்டு. நீர், இலை, கண்ணாடி, பெயிண்ட் ஆகியவற்றில் பட்டுத் தெறிக்கும் ஒளியும், நீல வானத்தின் ஒரு பகுதியிலிருந்து வரும் ஒளியும் பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கின்றன. அந்தத் திசையைத் தடுப்பதுதான் இதன் வேலை. உலோகத்தின் பளபளப்பில் மட்டும் இதன் பாச்சா பலிக்காது.

முதலில் பழக வேண்டியது சூரியன் நிற்கும் இடம். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள், கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள், அப்புறம் மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் திசைகளில் வானம் நன்றாகக் கறுக்கும். மெரினாவில் இது ரொம்பத் தெளிவாகத் தெரியும். காலையில் சூரியன் கடல் மேல் இருக்கும்போது கடலைப் பார்த்து எடுத்தால் வானத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அப்படியே தெற்கே திரும்பிக் கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். வளையம் கால்வட்டம் திரும்புவதற்குள் வெளிறிய வானம் அடர் நீலமாகி, அதன் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தனியாக எழுந்து நிற்கும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போன பிறகும் இதே கதைதான்: கடல் பக்கம் பயனில்லை, வடக்கிலும் தெற்கிலும் பயன் உண்டு.

உச்சி வெயிலில் படம் எடுக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். நம் ஊருக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. சித்திரை மாதம் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால், அடிவானம் சுற்றிலும் தொண்ணூறு பாகையில் அமைகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபில்டர் வேலை செய்யும். தூசியும் புழுக்கமும் மூடிய நாளில் அவ்வளவு பலன் இருக்காது. கோடை மழை பெய்து காற்று கழுவி விட்ட மறுநாள் நண்பகலில் எடுத்துப் பாருங்கள்.

மயிலாப்பூர் தெப்பக்குளம் எனக்கு வேறொரு பாடம் சொல்லிக்கொடுத்தது. நீர்ப்பரப்புக்குச் சுமார் 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் பிரதிபலிப்பு முழுவதும் விலகும். படிக்கட்டில் உட்கார்ந்தால், காலடித் தண்ணீர் அந்தச் சாய்வில் இருப்பதால் பளபளப்பு போய்ப் பாசி நிறம் தெரிகிறது. எதிர்க்கரைப் பக்கத் தண்ணீரைத் தாழ்ந்த கோணத்தில் பார்ப்பதால் அங்கே விழும் பிம்பம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ஒரே படத்தில் இரண்டும் கிடைக்கும். பிம்பம்தான் வேண்டுமென்றால் வளையத்தை எதிர்ப்பக்கம் திருப்பி விடுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். நடவுக்கு நீர் கட்டிய வயலிலும் நான் பெரும்பாலும் கழற்றிவிடுவேன். அங்கே வானம் விழுந்து கிடப்பதுதானே அழகு, அதை அழித்துச் சேற்றைக் காட்டி என்ன பயன்?

என்னைக் கேட்டால் இந்த ஃபில்டரின் உண்மையான இடம் தென்காசி. ஆனி, ஆடியில் சாரல் விழும்போது வெயிலே இருக்காது. வானம் சாம்பல் நிறம், நீலமாக்க எதுவும் இல்லை. பலரும் அப்போது ஃபில்டரைப் பையில் வைத்துவிடுகிறார்கள். அப்போதுதான் அதை எடுக்க வேண்டும். நனைந்த வாழை இலை ஒன்றை வ்யூஃபைண்டரில் வைத்து வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். இலையின் மேல் படர்ந்திருக்கும் வெள்ளைப் பூச்சு நடுநரம்பிலிருந்து விளிம்பு வரை கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அடியில் இருக்கும் பச்சையும் நரம்பு நரம்பான வரிகளும் வெளியே வரும். ஒரு தோப்பு முழுக்க அப்படி மாறும்போது வரும் சந்தோஷம் இன்றும் எனக்குக் குறையவில்லை. சுந்தரபாண்டியபுரத்தின் பச்சை வயல்களிலும் சூரியகாந்திப் பூக்களிலும் அதே மாற்றத்தைப் பார்க்கலாம்.

ஆனால் அதற்கு விலை உண்டு. ஃபில்டர் ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று பயிரை ஒரு நொடி சும்மா விடாது. ஷட்டர் வேகத்தைக் குறைக்க முடியாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்ற வேண்டிவரும். குற்றாலத்தில் அதே குறை வசதியாகிவிடுகிறது. 1/15 வினாடியில் எடுக்க வேண்டிய அருவி 1/4 வினாடிக்கு இறங்கி, தண்ணீர் இழை இழையாக வழியும். ஈரப் பாறையும் பளபளப்பு போய்க் கருகருவென்று நிற்கும். அருவித் தூவானத்தில் வானவில் தெரிந்தால் மட்டும் கவனம் தேவை. வளையம் ஒரு பக்கம் இருந்தால் வானவில் பளிச்சென்று தெரியும், இன்னொரு பக்கம் திரும்பினால் சுத்தமாகக் காணாமல் போகும்.

கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரும் கூடவே திரும்பிவிடும். மறுபடி சரிசெய்ய வேண்டும். அகல லென்ஸில் குவியத் தூரம் 24 மிமீக்குக் கீழே போனால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கறுக்கும், அதற்கு வழியில்லை. நான் வானத்தைக் குறைத்துத் தரையைக் கூட்டிக்கொள்கிறேன். இரவில் கட்டாயம் கழற்றிவிடுவேன், தெருவிளக்குகள் கண்ணாடியில் பட்டுப் பேய் பிம்பங்களாக விழுகின்றன. நகரத்தில் இன்னொன்று: கார்களின் பின்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஃபில்டரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், கடினமாக்கிய கண்ணாடி அப்படித்தான் தெரியும்.

பராமரிப்பில் நம் எதிரி உப்பும் மணலும். நான் வைத்திருந்த பழைய ஃபில்டரின் வளையம் கடற்கரை மணல் புகுந்து கரகரவென்று உரசத் தொடங்கியது, பிறகு நடுவே இருக்கும் படலம் ஓரத்தில் பிரிந்து வானவில் நிறம் காட்டியது. இப்போதுள்ளதைக் கடற்கரையிலிருந்து வந்ததும் பிளோவரால் ஊதி, அப்புறம்தான் துணியால் துடைக்கிறேன். வெயிலில் நிற்கும் காரில் வைப்பதே இல்லை. சிலிக்கா ஜெல்லோடு அதன் பெட்டியில் போட்டுவிடுகிறேன், இதுவரை பூஞ்சை இல்லை. லென்ஸில் இறுகிக்கொண்டால் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினால் போதும்.

வாங்குவதானால் உங்கள் லென்ஸ்களில் பெரிய அளவுக்கு ஒன்றே ஒன்று வாங்குங்கள். நான் 77 மிமீ விட்டமுள்ளதை வாங்கி, மற்ற லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் (சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டுக்கொள்கிறேன். அப்படிப் போடும்போது பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் லென்ஸ் ஹுட்டை மாட்ட முடியாது, அது ஒரு சங்கடம்தான். போனில் எடுப்பவர்களும் சிறியதாக ஒன்றை வாங்கிக் கையால் லென்ஸ் முன் பிடித்துத் திருப்பலாம், நன்றாகவே வேலை செய்கிறது. கடையில் ஒரு சோதனை செய்யுங்கள்: லென்ஸில் திருகும் மரை இருக்கும் பக்கம் உங்கள் கண்ணுக்கு, முன்பக்கம் எரிகிற லேப்டாப் திரைக்கு என்று பிடித்து, முழு வட்டம் திருப்புங்கள். நல்ல ஃபில்டர் என்றால் ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். லேசாக மங்குவதோடு நின்றால் வாங்காதீர்கள். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து ஃபில்டர் வழியே பாருங்கள். மஞ்சள் அடித்தால் அதுவும் வேண்டாம்.