ஆளைக் குறைப்பதா, ஷிப்டைக் குறைப்பதா?

அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 2025 ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதமும், அதே மாதம் 27 அன்று மேலும் 25 சதவீதமும் வரி விதித்தபோது, திருப்பூரில் நான் உற்பத்தி மேலாளராக இருக்கும் பனியன் கம்பெனியின் எட்டு தையல் லைன்களில் ஐந்து அமெரிக்க பையர்களை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. ஆர்டர்கள் ரத்தாகவில்லை, நிறுத்தி வைக்கும்படி மட்டுமே மெயில் வந்தது. ரத்தானதைக் கணக்கில் கழித்துவிடலாம். நிறுத்தி வைத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

முதலாளிக்கு இரண்டு வழிகள் இருந்தன. மூன்று லைன்களை மூடி, அந்த ஆட்களுக்குக் கணக்கு முடித்துவிட்டு, மற்ற ஐந்தையும் வழக்கம்போல் ஒன்றரை ஷிப்ட் ஓட்டலாம். அல்லது யாரையும் அனுப்பாமல் எட்டு லைன்களையும் ஒரு ஷிப்டுக்கு இறக்கலாம். இரண்டிலும் ஏறக்குறைய அதே அளவு பீஸ்தான் வெளியே வரும். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம்.

முதல் வழியில் மின்கட்டணமும் விடுதிச் செலவும் குறையும் என்பது தெரிந்ததே. மிஞ்சுகிறவர்களின் கூலியும் குறையாது. எங்கள் வழியிலோ, ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்தால், சனிக்கிழமை 4,500 வாங்கியவர் 3,000தான் வாங்குவார். வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் அவருக்காகக் குறையப்போவதில்லை. (ஒன்றரை ஷிப்டில் அந்த அரை ஷிப்டுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி தரவேண்டும் என்பது தனிக் கதை.)

என்னைப் பொறுத்தவரை தீர்மானித்தது ஒன்றே: ஆர்டர் திரும்பும் நாளில் லைன் இருக்குமா என்பது. ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களை வரிசையாகப் போட்டுவிட்டால் அது லைன் ஆகிவிடாது. கழுத்துப் பட்டி வைக்கும் டைலரின் வேகம் அடுத்த மெஷினில் இருப்பவருக்கும், டைலருக்கு உதவியாக நிற்கும் கைமடிக்கும் பழகியிருக்க வேண்டும். புதியவர் ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தால் அவருக்கு முன்னால் பீஸ் குவியும், பின்னால் இருப்பவர்கள் சும்மா இருப்பார்கள். 2020 ஊரடங்கில் ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்களுக்குப் பதிலாகப் புதியவர்களை வைத்துத் தொடங்கிய எங்கள் லைன் ஒன்று, பழைய எண்ணிக்கையை எட்ட ஏழு வாரம் ஆனது. கணக்கு முடிக்கும்போது சர்வீஸில் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் கொடுப்பதைவிட இந்த ஏழு வாரம்தான் பெரிய செலவு.

ஆனால் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகும் ஆட்கள் தங்க வேண்டுமே. அதற்கு ஒவ்வொரு மட்டத்திலும் வேறு வேறு வேலை இருந்தது. தீபாவளி வரை யாரையும் அனுப்புவதில்லை, அதற்குப் பிறகு உறுதி சொல்ல இயலாது என்று முதலாளி தாமே தளத்துக்கு வந்து சொன்னார். கைவசமிருந்த ஐரோப்பிய ஆர்டர்களை, ஸ்டைல் மாற்றத்தில் நேரம் வீணாகும் என்று தெரிந்தும், எல்லா லைன்களுக்கும் பிரித்துக் கொடுத்தது என் பங்கு. கடினமான பங்கு சூப்பர்வைசர்களுடையது. மூன்றாம் லைன் சூப்பர்வைசர் அக்கா திங்கட்கிழமைதோறும் கரும்பலகையில் எழுதுவார்: இந்த வாரம் 18,000 பீஸ், அடுத்த வாரம் 11,000, அதற்கடுத்த வாரம் தெரியாது. இப்படி எழுதினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று நான் தடுத்தேன். அந்த லைனிலிருந்து விலகியவர்கள் இரண்டே பேர். இருவரும் பலகை வைப்பதற்கு முன்பே போனவர்கள். லைன்களை மூடியிருந்தால், அதே அக்கா பலகைக்குப் பதிலாகப் பெயர்ப் பட்டியல் எழுத வேண்டியிருந்திருக்கும். அதன் பிறகு மிஞ்சியவர்கள் அவர் சொல்வதை எவ்வளவு நம்பியிருப்பார்கள் என்பது சந்தேகமே.

இது ஒரே கம்பெனியின் அனுபவம். எங்களுக்கு ஐரோப்பிய ஆர்டர் கொஞ்சமாவது இருந்தது. கையிருப்பே இல்லாமல் பிறருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பவர் டேபிள்காரருக்கு இதே யோசனையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நிலைமை ஒரு வருடம் நீண்டிருந்தால் நாங்களும் மூன்று லைன்களை மூடியிருக்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒடிசா டைலர்கள் 22 பேரில் 19 பேர் திரும்பி வந்தார்கள். ஒன்றரை ஷிப்ட் எப்போது என்பதே அவர்கள் கேட்ட முதல் கேள்வி.