அம்ப்புக்கு எந்த வயர்: சுத்தச் செப்பா, செப்புப் பூசிய அலுமினியமா?

காருக்கு அம்ப்ளிபயர் பூட்டும்போது பற்றரியிலிருந்து பின் டிக்கிக்கு ஓடும் பவர் வயரில்தான் எல்லாரும் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். செப்புப் பூசிய அலுமினியம் மலிவுதான், சரி, ஆனால் அதே தடிப்பில் சுத்தச் செப்பு கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும், அதனால் 8 கேஜ் செப்பு போதுமான இடத்தில் இதற்கு 6 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிப்பு) வேண்டும், அப்புறம் மிச்சம் எங்கே?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக நிற்கும் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம், செப்புதான். உப்புக்காற்றில் வெட்டிய முனைகளில் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்து, இணைப்பு சூடாகும். கடையிலேயே ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், செப்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம்.

கடலுக்குத் தள்ளி, கந்தளாய்ப் பக்கம் ஓடும் கார், சின்ன அம்ப் என்றால் அலுமினியமும் தாங்கும். எதைப் போட்டாலும் பியூஸை பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் வையுங்கள்.