இழுபறியா, முட்டுக்கட்டையா?

பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டைக் காலி செய்யும் நண்பர், அட்வான்ஸ் தகராறைப் பற்றிக் கடிதம் எழுத இரண்டில் எது பொருந்தும் என்று கேட்டார். பெயிண்ட் செலவைப் பிடித்துக்கொள்வேன் என்கிறார் ஓனர். முழுப் பணம் வராமல் சாவி தரமாட்டேன் என்கிறார் இவர்.

பொருள்: இழுபறியில் இரண்டு பக்கமும் இழுக்கும். முட்டுக்கட்டை, தேர்ச் சக்கரத்தின் அடியில் கொடுக்கும் மரக்கட்டை. போடுவது ஒரு பக்கம்தான், நிற்பது மொத்தத் தேரும்.

காலம்: இழுபறி நீளும். காவிரி வழக்கையே பாருங்கள்: 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. முட்டுக்கட்டையோ, உருவினால் உடனே வண்டி நகரும்.

எளிமை: இரண்டும் எல்லோருக்கும் புரியும்.

ஒருவர் தடுத்தால் முட்டுக்கட்டை, இருவரும் விடாவிட்டால் இழுபறி. அதனால் நண்பரை இழுபறி என்றே எழுதச் சொன்னேன். அப்புறம், பேச்சில் என்றால் எனக்கு விடாக்கண்டன் கொடாக்கண்டன்தான் பிடிக்கும்.