டேலியிலிருந்து டேஷ்போர்டுக்கு: நம்ம ஊர் கம்பெனிகளுக்கு எந்த வழி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ரிப்போர்ட்டிங் டூல் வாங்கலாம் என்று நினைத்தால், முதல் கேள்வி "மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐயா, கூகுளின் லுக்கர் ஸ்டுடியோவா?" என்றுதான் வரும். டெமோவில் சார்ட் அழகாக ஓடும், அதைப் பார்த்து முடிவெடுத்து விடுவார்கள். சார்ட் எந்த டூலிலும் வரும். டேட்டா எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை முதலில் பாருங்கள். ஆறு மாதம் கழித்து முதலாளி அந்த டேஷ்போர்டை, அதாவது சார்ட்டெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் ஸ்கிரீனைத் திறப்பாரா, மறுபடியும் அக்கவுன்டன்ட்டுக்கே போன் போடுவாரா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நம்ம பக்கம் டேட்டா பெரும்பாலும் மூன்று இடத்தில் கிடக்கும். கணக்கு டேலி என்ற அக்கவுன்டிங் சாப்ட்வேரில். ஆர்டர், டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), ஜாப் ஒர்க் விவரம் எல்லாம் உள்ளூரில் செய்து வாங்கிய ஈஆர்பியில், அதாவது கம்பெனி வேலை முழுவதையும் பதியும் சாப்ட்வேரில், அதன் அடியில் ஒரு எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ். லைன் புரொடக்‌ஷன், செக்கிங், ரிஜெக்‌ஷன் எல்லாம் சூப்பர்வைசரின் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில். கோவை பம்ப் கம்பெனியிலும் கரூர் ஹோம் டெக்ஸ்டைல் யூனிட்டிலும் இதே கதைதான், பெயர்கள்தான் மாறும்.

எக்செலில் எடுத்து ஏற்றும் வழியை முதலில் முடித்துவிடலாம். செலவில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் தினமும் ஒருவர் செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து தேதியில் இருக்கிறது. தேதி எழுத்தாக ஏறி, கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் அமெரிக்க முறையில் இருந்தால், 25/04 போன்ற தேதி எரர் காட்டும், அது நல்லது, கண்ணில் படும். 05/04 எரரே காட்டாமல் மே 4 ஆகிவிடும். ஏப்ரல் விற்பனையில் ஒரு பகுதி மற்ற மாதங்களுக்குச் சிதறிப் போயிருக்கும், மொத்தம் மட்டும் சரியாகவே இருக்கும். பவர் பிஐ டெஸ்க்டாப்பில் இறக்குமதிக்கான ரீஜன் செட்டிங்கை முதலில் இந்தியாவுக்கு மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

அடுத்தது டேலியோடு நேரடி இணைப்பு. டேலியில் ஓடிபிசி இருக்கிறது, வேறு சாப்ட்வேர் டேட்டாவைப் படிக்க உதவும் பொதுவான இணைப்பு அது. எக்ஸ்எம்எல் வழியாகவும் கேட்டு வாங்கலாம், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (கம்ப்யூட்டரின் இணைப்பு வாசல் எண்) பதில் சொல்லும். டெமோவுக்கு இது அருமையாக வேலை செய்யும். நிபந்தனை என்னவென்றால் டேலி திறந்திருக்க வேண்டும், அந்தக் கம்பெனியும் லோடு ஆகியிருக்க வேண்டும். சாயங்காலம் அக்கவுன்டன்ட் சிஸ்டத்தை நிறுத்திவிட்டுப் போனால் டேட்டாவைப் புதுப்பிக்கும் இரவு ரெஃப்ரெஷ் படுத்துவிடும். காலையில் எம்டி ரூமிலிருந்து, "நேத்தய கலெக்‌ஷன் வரலீங்களே, சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டீங்களாண்ணா?" என்று குரல் வரும். இது அக்கவுன்டன்ட்டின் தவறில்லை. ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் கம்ப்யூட்டரை சர்வராக நம்பியதுதான் தவறு.

டேலியின் டேட்டாவை ஒரு இடைநிலை டேட்டாபேஸுக்குப் பிரதி எடுத்து, அதிலிருந்து ரிப்போர்ட் ஓட்டுவதே எனக்குப் பிடித்த வழி. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் இலவசம், எப்போதும் ஓடும் சின்ன மெஷின் ஒன்று போதும். இங்கே ஒன்றை விட்டுவிடக்கூடாது. நம்ம அக்கவுன்ட்ஸில் பழைய தேதி என்ட்ரியைத் திருத்துவது சகஜம், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) நெருங்கும்போது இன்னும் அதிகம். புதிய வவுச்சரை (டேலி என்ட்ரியை) மட்டும் எடுத்தால் திருத்தங்கள் தப்பிவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் டேலி ஆல்டர் ஐடி என்ற எண்ணை ஏற்றிவைக்கும், அதை வைத்துத் திருத்தியவற்றைப் பிடிக்கலாம். ஆனால் டெலீட் செய்த வவுச்சர் அதில் வராது. அதனால் நடப்பு நிதியாண்டு முழுவதையும் தினமும் ஒருமுறை புதிதாக எடுப்பதுதான் பாதுகாப்பு. மதிய உணவு நேரத்தில் ஓடவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது.

ஈஆர்பி பக்கம் வந்தால், பவர் பிஐக்கும் லுக்கர் ஸ்டுடியோவுக்கும் இருக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரியும். பவர் பிஐக்கு கேட்வே என்று ஒரு சாப்ட்வேர் உண்டு. அதை ஆபீசுக்குள் ஒரு மெஷினில் போட்டால், அது உள்ளிருந்து வெளியே மட்டும் பேசும், ரவுட்டரில் எந்த போர்ட்டையும் திறக்க வேண்டாம். ஸோஹோ அனலிட்டிக்ஸின் டேட்டாபிரிட்ஜும் இதே பாணிதான். லுக்கர் ஸ்டுடியோ கூகுள் பக்கமிருந்து உள்ளே வரும், அதற்கு உங்கள் எஸ்கியூஎல் சர்வர் இணையத்தில் தெரிய வேண்டும். கூகுள் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்து அதைச் செய்யலாம். ஃபயர்வாலை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தேடி வருவது இப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத்தான். ஷிப்மென்ட் வாரத்தில் ஈஆர்பி பூட்டிக்கொண்டால் எந்த டேஷ்போர்டும் அதற்கு ஈடாகாது.

கேட்வே போட்ட பிறகு இன்னொரு தேர்வு இருக்கிறது: இம்போர்ட்டா, டைரக்ட் குவெரியா? "லைவா வேணுங்க" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். டைரக்ட் குவெரியில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கேள்வி ஈஆர்பி சர்வருக்குப் போகும். அதே நேரத்தில் கேட்டில் வண்டி நிற்க, ஸ்டோர்ஸில் ஒருவர் டிசி போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய ஸ்கிரீன் சுற்ற ஆரம்பிக்கும். இம்போர்ட்டில் டேட்டாவின் பிரதி பவர் பிஐக்குள்ளேயே இருக்கும், அந்தச் சுமை ரெஃப்ரெஷ் நேரத்தில் மட்டும். பவர் பிஐ ப்ரோ என்ற கட்டண லைசென்ஸில் ஒரு நாளைக்கு 8 முறை ரெஃப்ரெஷ் வைக்கலாம், ஒரு மாடல் 1 ஜிபி வரை போகலாம். காலை மீட்டிங்குக்கு முன் ஒன்று, மதியம் ஒன்று, ஷிப்ட் முடிந்ததும் ஒன்று என்று வைத்தாலே ஒரு கார்மென்ட் யூனிட்டுக்குத் தாராளம். டையிங்கிலிருந்து துணி வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டியவர் ஈஆர்பியிலேயே பார்க்கட்டும்.

காசு விஷயத்தில் பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ரிப்போர்ட்டை மற்றவர்களோடு பகிரத்தான் ப்ரோ வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு மாதம் 14 டாலர், பார்ப்பவருக்கும் அதே கணக்கு. முதலாளி, பார்ட்னர், இரண்டு மெர்ச்சண்டைசர் என்று நாலு பேர் என்றால் கொடுக்கலாம். இருபது லைன் சூப்பர்வைசர்களுக்கு யோசிக்க வேண்டும்.

அந்த இருபது பேருக்கு லுக்கர் ஸ்டுடியோதான் சரி. கூகுள் ஷீட்டில் அவர்கள் போடும் மணிக்கணக்கு புரொடக்‌ஷனை அது இலவசமாகவே எடுத்துக் காட்டும், சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகும், போனிலேயே பார்க்கலாம். ஷீட்டை மட்டும் ஒழுங்காக வைக்க வேண்டும்: முதல் வரியில் தலைப்பு, மெர்ஜ் செய்த கட்டம் கூடாது, நடுவில் மொத்தம் போடக்கூடாது. லைன் வாரியாகக் கலர் அடித்து, இடையிடையே டோட்டல் போட்ட ஷீட் மனிதக் கண்ணுக்குத்தான் வசதி.

இன்டர்நெட் பக்கமே போகாமல் ஆபீசுக்குள் மட்டும் போதும் என்பவர்களுக்கு மெட்டாபேஸ் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ், சொந்த மெஷினில் ஓடும், எஸ்கியூஎல் சர்வரையும் போஸ்ட்கிரஸையும் நேராகப் படிக்கும். எத்தனை பேர் பார்த்தாலும் லைசென்ஸ் கிடையாது. ஆனால் கேள்வி நேராக டேட்டாபேஸுக்குத்தான் போகும், அதனால் ஈஆர்பியின் பிரதியில்தான் இணைக்க வேண்டும். சர்வரைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் கம்பெனியில் இருந்தால் என் ஓட்டு இதற்கே.

எந்த வழியில் போனாலும் இரண்டு வேலையை டூல் செய்து தராது. ஒன்று, டேலியில் ஒரு டையிங் யூனிட் "ஸ்ரீ" என்று தொடங்கும், ஈஆர்பியில் "சிறீ" என்று இருக்கும். பெயரை வைத்து இணைத்தால் பாதி ரிப்போர்ட் காணாமல் போகும். 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை இரண்டு பக்கமும் பதிந்து, அதை வைத்து இணையுங்கள். ஒரே எண்ணில் இரண்டு லெட்ஜர் இருந்தால் அதற்கு மட்டும் கையால் ஒரு பட்டியல் போட வேண்டும்.

இரண்டாவது, கட்டிங் வரை நம் கணக்கு கிலோவில், கட்டிங்குக்குப் பிறகு பீஸில். டையிங்குக்கு அனுப்பிய கிலோ, திரும்பி வந்த கிலோ, ப்ராசஸ் லாஸ், கட்டிங் வேஸ்ட், ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் என்ற ஸ்டைல் வாரிக் கணக்கு எல்லாம் இணைந்தால்தான் ஆர்டரில் லாபமா நஷ்டமா என்று தெரியும். அந்த கிராம் கணக்கு பெரும்பாலும் மெர்ச்சண்டைசரின் காஸ்டிங் ஷீட்டில் மட்டுமே இருக்கும். இணைப்பு வேலையை அந்த ஷீட்டிலிருந்து தொடங்குங்கள்.