காண்டெஸா ஏ.சி.க்கு 52,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சிலிண்டர் கேஸ் அடித்து அனுப்பினார்கள் – பழைய கார் வைத்திருப்பவர்கள் உஷார்

இன்று மதியம்தான் விஷயம் தெரிந்தது. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு ஏ.சி. செய்யும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 1991 காண்டெஸா கிளாசிக், 1.8 இசுசு எஞ்சின். மாமனார் வைத்திருந்த வண்டி, இப்போது என்னிடம். எஞ்சின் இன்னமும் ஜம்மென்று ஓடுகிறது. ஏ.சி. மட்டும் பல வருடமாகச் செத்துக் கிடந்தது. மகள் நிச்சயதார்த்தத்துக்கு இந்த வண்டியில்தான் மதுரைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால்தான் ஆள் தேடினேன்.

கடை பெயரைப் போடப் போவதில்லை. சென்னையில், பழைய கார் ஏ.சி.க்கு ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு வைத்து, வீடியோ எல்லாம் போடுகிற கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து வண்டிகளின் ஏ.சி.யில் குளிர வைப்பதற்கு ஆர்-12 என்ற கேஸ்தான் இருக்கும். அது ஓசோனைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நிறுத்திவிட்டார்கள், நம் நாட்டிலும் 2010-க்குள் கதை முடிந்துவிட்டது. இப்போது ஆர்-134ஏ என்ற கேஸுக்கு மாற்ற வேண்டும். கேஸை மட்டும் மாற்றினால் போதாது. ஆர்-12-க்குப் போட்ட மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோடு கலக்காது, அதனால் லைன் முழுக்க ஃப்ளஷ் பண்ணி (உள்ளே கழுவி) எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வழியாக அந்த கேஸ் மெல்ல மெல்லக் கசியும், அதையும் மாற்ற வேண்டும். ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் புதுசு, இணைப்புகளில் போடுகிற ஓ-ரிங் புதுசு. அதே அளவு குளிர வேண்டுமானால், சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கடைக்காரரே உட்கார வைத்துச் சொன்னார். அங்கேதான் நான் விழுந்தேன்.

பானெட்டைத் திறந்ததும் அவர் பேசவே இல்லை. எஞ்சினை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "சார், இதை வித்துடாதீங்க, வித்தா எங்கிட்ட சொல்லுங்க" என்றார். டீ வரவழைத்தார். ஒரு பழைய ஹோஸை வெட்டிக் காட்டி, "பாருங்க, இதுல உள்ள லேயரே இல்ல, கேஸ் எப்படி சார் நிக்கும்?" என்றார். புது சாண்டென் 508 கம்ப்ரசர் ஒன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து, "புல்லியைச் சுத்திப் பாருங்க" என்றார். வெண்ணெய் மாதிரி சுற்றியது. இவ்வளவு விளக்கமாகப் பேசுகிற ஆள் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு எழுதினார். கம்ப்ரசர் 18,000, கண்டென்சர் 9,000, ஹோஸ் 7,000, டிரையரும் வால்வும் 4,000, கேஸும் ஆயிலும் 4,000, லேபர் 10,000. மொத்தம் 52,000 ரூபாய். அட்வான்ஸ் 30,000, மீதி 22,000 டெலிவரி அன்று. பில் கேட்டதற்கு, "வேலை முடியட்டும் சார், சேர்த்துப் போட்டுடலாம்" என்றார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

டெலிவரி அன்று ஏ.சி. குளிர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, விரல் விறைக்கிற மாதிரி குளிர்ந்தது. பழைய பாகங்களைக் கேட்டேன், "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சே" என்றார். அப்போதே வண்டிக்குள் ஒரு வாடை. "புது ரப்பர் வாடை சார், நாலு நாள்ல போயிடும்."

வாடை போகவில்லை, குளிர்தான் போனது. போன் செய்தால், "டெக்னீஷியன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கான்." அப்புறம் வண்டியைக் கொண்டுபோனால், கேஸ் டாப்-அப் என்று இன்னொரு 1,800 வாங்கிக்கொண்டார்கள். அதுவும் சில நாளில் தீர்ந்தது. மறுபடி போனேன். டீ இல்லை, நாற்காலியும் இல்லை. கல்லாவில் இருந்த பையன், "ஓனர் வெளியூர்ல இருக்காரு" என்றான். உள்ளேயிருந்து ஓனர் யாரையோ திட்டுகிற குரல் எனக்கே கேட்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. வீடியோவுக்குக் கீழே ஒரு கமென்ட் போட்டேன், அதை அழித்துவிட்டார்கள். ஒருவழியாக போனை எடுத்தவர் சொன்னது இது: "முப்பது வருஷ வண்டி சார், இதுக்கு மேல குளிராது. ஏ.சி. வேணும்னா புது வண்டி வாங்குங்க." விற்க வேண்டாம் என்று சொன்ன அதே வாய்!

இன்று அம்பத்தூரில் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். போர்டு கூட இல்லாத பட்டறை. பானெட்டைத் திறந்தவர் முதலில் பார்த்தது சர்வீஸ் போர்ட்டை, அதாவது கேஸ் அடிக்கிற வாயை. ஆர்-134ஏ-வுக்கு மாற்றியிருந்தால் பழைய திருகு போர்ட்டின் மேல் புது அடாப்டர் இருக்க வேண்டும், அது இல்லை. மூடியைக் கழற்றி வால்வு ஊசியை லேசாக அழுத்தினார். புஸ் என்று ஒரு மூச்சு. முகர்ந்தவர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டு, "தம்பி, இங்க யாரும் பீடி கீடி பத்த வச்சிடாதீங்க. இது சிலிண்டர் கேஸ்" என்றார்.

வீட்டில் சமைக்கிற அதே எல்.பி.ஜி.! காரணமும் அவர்தான் சொன்னார். அந்த கேஸ் ஏறக்குறைய ஆர்-12 பிரஷரிலேயே ஓடும், பழைய மினரல் ஆயிலோடும் கலந்துகொள்ளும். ஃப்ளஷ் வேண்டாம், ஆயில் மாற்ற வேண்டாம், ஹோஸ் மாற்ற வேண்டாம். சில நூறு ரூபாய் கேஸை அடித்தால் முதல் நாள் ஜில்லென்று இருக்கும். அதற்குத்தான் என்னிடம் 52,000.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஹோஸ் பழசே, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. மெஷினில் அழுத்திப் பொருத்த வேண்டிய முனையில், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஜூபிளி கிளிப்பைத் திருகியிருக்கிறார்கள். கண்டென்சரை நகத்தால் சுரண்டினார். ஸ்பிரே பெயின்ட் உரிந்து, மடங்கிய ஃபின்னுக்குள் தட்டான் சிறகு ஒன்று அப்படியே ஒட்டியிருந்தது. என் பழைய கண்டென்சர்தான். கம்ப்ரசர் மட்டும் மாறியிருக்கிறது, ஆனால் அதுவும் எங்கேயோ கழற்றிய பழசு. வெள்ளி பெயின்ட் அடித்து, நம்பர் இருக்கிற தகட்டைப் பிடுங்கியிருக்கிறார்கள். என் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னது எந்த வண்டியில் இருக்கிறதோ!

பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். காற்றைக் குளிர வைக்கிற எவாப்பரேட்டர் இருப்பது டேஷ்போர்டுக்குள்ளே, முன் சீட்டில் உட்கார்பவர் முழங்காலுக்கு நேரே. அங்கே கசிந்தால் கேஸ் வண்டிக்குள்தான் நிறையும். வீட்டு ஃப்ரிட்ஜிலும் இந்த ஜாதி கேஸ் வருகிறதே என்று யாராவது வாதம் பண்ணுவீர்கள். அதில் சில பத்து கிராம்தான், அதற்கென்றே வடிவமைத்த சிஸ்டம். இங்கே அதைப்போலப் பல மடங்கை ஜூபிளி கிளிப்பை நம்பி அடைத்திருக்கிறார்கள். அந்த முன் சீட்டில்தான் என் மனைவி தினமும் உட்கார்ந்து வந்தாள். வாடை வருகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், புது ரப்பர் என்று அந்த ஆள் சொன்னதையே நானும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்கப் போன் செய்தேன். "எங்க கடையில அடிச்சதுன்னு என்ன சார் ப்ரூஃப்?" கட். அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 52,000 ரூபாய், டாப்-அப் 1,800 தனி. பெரியவர் கேஸை வெட்டவெளியில் இறக்கிவிட்டார். முறையாகச் செய்ய எல்லாம் முதலிலிருந்து வாங்க வேண்டும் என்கிறார். நிச்சயதார்த்தத்துக்கு வாடகை வண்டி சொல்லியாகிவிட்டது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: பழைய பாகங்களைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். கேஸ் டின்னை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். போர்ட்டில் அடாப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரசர் நம்பரை முதலிலேயே போட்டோ எடுங்கள். கேஸ் அடிப்பதற்கு முன் வாக்யூம் போட்டு (லைனில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து) அரை மணி நேரமாவது மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டிக்குள் கேஸ் வாடை வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏ.சி.யை நிறுத்துங்கள், யார் என்ன ரப்பர் கதை சொன்னாலும் சரி.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாதாம், அங்கேயும் போகிறேன். துண்டுச் சீட்டும் யுபிஐ ரசீதுகளும் இருக்கின்றன. இதே மாதிரி ஏமாந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்து மனு போடலாம்.